பகலில் தண்ணீரை நிறுத்தாதீர்கள், தம்பி

வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்

இந்த வாரம் மூன்று கடிதங்களை எடுத்துக்கொண்டேன். மூன்றும் வட சென்னையில் இருந்து வந்தவை, மூன்றும் இரவில் படுக்கை நனைவதைப் பற்றியவை. பெயர்களையும் இல்லங்களின் அடையாளத்தையும் நீக்கிவிட்டேன். முதல் கடிதத்துக்குப் பதில் நீளமாக இருக்கும், அந்தத் தம்பிக்கு நேரம் குறைவாக இருக்கிறது.

கேள்வி: எனக்கு 19 வயது. அம்மா இறந்த பிறகு எட்டு வயதில் ராயபுரம் பக்கம் ஒரு இல்லத்தில் சேர்த்தார்கள். இப்போது 18 முடிந்தவர்களுக்கான பகுதியில் இருக்கிறேன். ஐடிஐயில் எலக்ட்ரீஷியன் முடித்துவிட்டேன். இன்னமும் வாரத்துக்கு மூன்று நான்கு நாள் ராத்திரி பாயிலேயே சிறுநீர் போய்விடுகிறது. போவதே தெரிவதில்லை, நனைந்து சில்லென்று ஆன பிறகுதான் முழிப்பு வரும். சின்ன வயதில், நனைத்தவன் பாயைத் தலையில் வைத்துக்கொண்டு முற்றத்தில் நிற்க வேண்டும். பட்டப்பெயரும் இருந்தது. அப்படிச் செய்தவர்கள் இப்போது இங்கே இல்லை. இப்போது இருக்கிற வார்டன் அண்ணாவுக்கு இது தெரியாது. பகலில் ரொம்பக் கொஞ்சம்தான் தண்ணீர் குடிப்பேன், சாயங்காலம் நாலு மணிக்கு மேல் சுத்தமாக இல்லை. செல்போனில் அலாரம் வைத்து ஒரு மணிக்கும் மூன்று மணிக்கும் எழுந்து போகிறேன். சில நாள் தூங்காமல் உட்கார்ந்தே இருப்பேன். அடுத்த மாதம் ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் அப்ரண்டிஸ் வேலைக்குச் சேர வேண்டும், நாலு பேர் தங்குகிற அறை தருகிறார்கள். போகாமல் விட்டுவிடலாமா என்று யோசிக்கிறேன். இது அம்மா போன அதிர்ச்சியா? சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் பார்த்து லாட்ஜில் தங்கி வைத்தியம் பார்ப்பவரிடம் போனேன். நரம்புத் தளர்ச்சி, கல்யாணம் செய்ய முடியாது என்று சொல்லி மூவாயிரம் ரூபாய்க்கு லேகியம் கொடுத்தார். உண்மையா?
பெயர் வேண்டாம், ராயபுரம்

பதில்: தம்பி, வேலையை விடாதீர்கள். ஒரு மாதத்தில் இது முழுக்கச் சரியாகிவிடும் என்று என்னால் சொல்ல முடியாது, ஆனால் நாலு பேர் இருக்கிற அறையில் தூங்கி எழுந்து வேலைக்குப் போகிற அளவுக்குக் கொண்டுவர முடியும்.

லேகியத்தை இன்றே நிறுத்துங்கள். சிறுநீர்ப்பை வேறு, விந்து உண்டாகிற இடம் வேறு. படுக்கை நனைவதற்கும் ஆண்மைக்கும் சம்பந்தம் இல்லை, கல்யாணத்துக்கும் குழந்தை பிறப்பதற்கும் இதனால் தடை இல்லை. 'நரம்புத் தளர்ச்சி' என்று பையன்களைப் பயமுறுத்திக் காசு வாங்குகிறவர்களை நினைத்தால் எனக்கு ஆத்திரமாக வருகிறது. அவர்களிடம் போகிறவர்கள் பெரும்பாலும் உங்களைப் போல வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இல்லாத பையன்கள்தான்.

பெரியவர்களிலேயே நூற்றுக்கு ஒருவர் அல்லது இருவருக்கு இது இருக்கிறது. நீங்கள் ஏறுகிற மின்சார ரயிலில் உங்களைப் போல இன்னொருவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கலாம், யாரும் வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான். இரவில் மூளையிலிருந்து வாசோபிரெசின் என்று ஒரு ஹார்மோன் கூடுதலாகச் சுரந்து, சிறுநீர் உற்பத்தியைக் குறைக்க வேண்டும். சிலருக்கு அது போதிய அளவு சுரப்பதில்லை, பகல் போலவே இரவிலும் சிறுநீர் சேர்கிறது. சிலருக்குச் சிறுநீர்ப்பை கொஞ்சம் நிறைந்ததுமே சுருங்கிவிடும். இதோடு, 'நிறைந்துவிட்டது, எழுந்திரு' என்ற செய்தி தூக்கத்தைக் கலைக்க முடியாமல் போவதும் சேர்ந்தால் பாய் நனையும். இதில் எதையும் நீங்கள் வேண்டுமென்று செய்யவில்லை. தூங்குகிறவனைப் பாயோடு முற்றத்தில் நிற்க வைத்தது அநியாயம். அதைச் செய்தவர்கள் யாராக இருந்தாலும் சரி, தவறு அவர்களுடையது.

அம்மாவின் இழப்புதான் காரணமா என்று கேட்டிருக்கிறீர்கள். சின்ன வயதிலிருந்தே சேர்ந்தாற்போல் ஆறு மாதம் கூட நிற்காமல் வந்தால் அது பெரும்பாலும் உடம்பு வாகு. ஆறு மாதத்துக்கு மேல் நன்றாக இருந்துவிட்டு மறுபடி ஆரம்பித்திருந்தால்தான் மனக்கஷ்டம், சர்க்கரை, கிருமித்தொற்று என்று வேறு காரணம் தேடுவோம். டாக்டரும் முதலில் இதைத்தான் கேட்பார், அப்புறம் அப்பா அம்மாவுக்கு இருந்ததா என்று கேட்பார். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வர நூற்றுக்குச் சுமார் நாற்பது வாய்ப்பு, இருவருக்கும் இருந்தால் எழுபதுக்கு மேல், அதனால்தான் அந்தக் கேள்வி. உங்களுக்குப் பதில் தெரியாமல் இருக்கலாம், 'தெரியாது, இல்லத்தில் வளர்ந்தேன்' என்று நிமிர்ந்து சொல்லுங்கள், சிகிச்சைக்கு அது தடையே இல்லை. எட்டு வயதுக்கு முன்னால் எப்படி இருந்தது என்பது நீங்கள் சேர்ந்தபோது எழுதிய கோப்பில் ஒருவேளை இருக்கும். அந்தக் காலத்திலிருந்து இருக்கிற சமையல் அக்கா யாராவது இருந்தால் அவருக்கும் ஞாபகம் இருக்கலாம்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது பாய் நனைவது இல்லை, அதை மறைக்க நீங்கள் செய்கிற காரியங்கள். ஒவ்வொன்றும் இதை அதிகமாக்குகிறது. பகலில் தண்ணீர் குடிக்காவிட்டால் சிறுநீர் கெட்டியாகிப் பையின் உள்பக்கத்தை உறுத்தும், சீக்கிரம் சுருங்கும். நாள் முழுக்கக் கொஞ்சமாகவே நிறைந்து பழகிய பைக்கு அதிகம் பிடித்துவைக்கும் பழக்கமும் போய்விடும். தண்ணீர் குறைந்தால் மலம் இறுகும். மலக்குடல் சிறுநீர்ப்பைக்குப் பின்னால்தான் இருக்கிறது, அது நிறைந்து நின்றால் பையை முன்னால் தள்ளி அழுத்தும், இரவில் இடம் குறையும். மூன்று நாளுக்கு ஒரு முறை கஷ்டப்பட்டுப் போகிறவராக இருந்தால் அதைச் சரி செய்தாலே சிலருக்கு நனைவது பாதியாகக் குறைந்துவிடும். தூங்காமல் உட்கார்ந்திருப்பது இன்னும் மோசம். விட்ட தூக்கத்தை உடம்பு மறுநாள் சேர்த்து வாங்கும், அன்று இடி விழுந்தாலும் முழிப்பு வராது.

அதனால் இன்று முதலே காலையிலிருந்து நன்றாகத் தண்ணீர் குடியுங்கள். சென்னை வெயிலில் எலக்ட்ரீஷியன் வேலை செய்கிறவருக்கு இரண்டரை லிட்டராவது வேண்டும். பெரும்பகுதியைக் காலையிலும் மதியத்திலும் குடித்துவிட்டு, மாலையில் குறைத்து, படுக்க இரண்டு மணி நேரம் இருக்கும்போது நிறுத்தினால் போதும், நாலு மணிக்கே பூட்டு போட வேண்டாம். பகலில் மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை போய்விடுங்கள், அடக்கி வைக்காதீர்கள். சாயங்காலத்துக்கு மேல் டீ, காபி, கோலா வேண்டாம். இரவுச் சாப்பாட்டில் உப்பையும் பாருங்கள். காசிமேடு பக்கத்தில் இருந்துகொண்டு கருவாடு சாப்பிடாதே என்று சொன்னால் எடுபடாது, அதை மதியத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி கருவாடு, ஊறுகாய், அப்பளம் என்று சாப்பிட்டால் தாகமும் எடுக்கும், அந்த உப்பை வெளியேற்ற இரவில் சிறுநீரும் அதிகம் வரும். படுக்கும் முன் ஒரு முறை போய், பத்து நிமிடம் கழித்து இன்னொரு முறை போய் வந்து படுங்கள். செல்போன் அலாரம் ஒரு நாள் பாயைக் காப்பாற்றும், அரைத் தூக்கத்தில் போய் வருவதால் உடம்பு எதையும் கற்றுக்கொள்ளாது. வைத்தே ஆக வேண்டுமென்றால் ஒரு முறை மட்டும்.

ஆனால் 19 வயதில் இவை மட்டும் போதாது, டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும். உங்களுக்குப் பக்கத்திலேயே பழைய ஜெயில் ரோட்டில் ஸ்டான்லி அரசு மருத்துவமனை இருக்கிறது, யூராலஜி பிரிவும் இருக்கிறது. காலையிலேயே போய் ஓபி சீட்டு போடுங்கள். சீட்டு போடுகிற இடத்தில் 'சிறுநீர்ப் பிரச்சினை' என்று சொன்னால் போதும், விளக்கம் வேண்டாம். அது மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி, டாக்டரைச் சுற்றிப் பயிற்சி டாக்டர்களும் மாணவர்களும் நிற்பார்கள், பின்னால் கூட்டமும் நெருக்கும். அந்த இடத்தில் வாய் வராமல் 'வயிற்று வலி' என்று சொல்லி மாத்திரை வாங்கிக்கொண்டு திரும்பிய பையன்கள் உண்டு. அதனால் முதல் நாளே ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: வயது, எத்தனை வருடமாக, வாரத்தில் எத்தனை நாள், பகலில் கசிகிறதா, எரிச்சல் உண்டா, மலச்சிக்கல் உண்டா, குறட்டை உண்டா. தாளை நீட்டுங்கள், அவர் படித்துக்கொள்வார். 'தனியாகப் பேச வேண்டும் சார்' என்று கேட்கவும் உங்களுக்கு உரிமை இருக்கிறது.

போவதற்கு முன் விடுமுறை நாளாகப் பார்த்து இரண்டு நாள் ஒரு கணக்கு எடுத்தால் டாக்டருக்குப் பாதி வேலை முடியும். மில்லி அளவு போட்ட ஒரு பிளாஸ்டிக் குவளையை வைத்துக்கொண்டு, எத்தனை மணிக்கு எவ்வளவு குடித்தீர்கள், எவ்வளவு போனீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். பெரியவர்களின் பை சாதாரணமாக 300 முதல் 500 மில்லி வரை பிடிக்கும். ஒவ்வொரு தடவையும் நூறு, நூற்றைம்பதுதான் வருகிறது என்றால் பை சீக்கிரம் சுருங்குகிறது என்று அர்த்தம், பகல் அளவு சரியாக இருந்தால் இரவு உற்பத்திதான் அதிகம். மருந்து இதைப் பொறுத்து மாறும்.

யூரின் டெஸ்ட், ரத்தச் சர்க்கரை, வயிற்று ஸ்கேன், போய் முடித்த பிறகு பையில் எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்ற அளவு, இவற்றைப் பார்ப்பார்கள். எதுவும் வலிக்கிற சோதனை இல்லை, ஊசி குத்துவது தவிர. இடுப்புக்குக் கீழே முதுகில் குழியோ முடிக்கற்றையோ இருந்தாலும், காலில் மரத்துப்போனாலும் கட்டாயம் சொல்லுங்கள், தண்டுவடத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். சிறுநீரில் ரத்தம், பகலிலும் கசிவு, அடங்காத தாகத்தோடு எடை குறைவது, இவற்றில் ஏதாவது இருந்தால் ஒரு நாள் கூடத் தள்ளிப் போடாதீர்கள்.

இரவில் சிறுநீர் அதிகம் சேர்கிறவர்களுக்கு டெஸ்மோபிரெசின் என்று ஒரு மாத்திரை உண்டு. நான் முன்னால் சொன்ன ஹார்மோனின் செயற்கை வடிவம் அது. போட்ட இரவு வேலை செய்யும், போடாத இரவு செய்யாது, அதனால் புது அறையில் முதல் சில வாரங்களைக் கடக்க ரொம்ப உதவும். ஒரே ஒரு கண்டிப்பு உண்டு. மாத்திரை போடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து அடுத்த எட்டு மணி நேரம் வரை தண்ணீர் ஒரு மடக்குக்கு மேல் கூடாது. மீறினால் ரத்தத்தில் உப்புச் சத்து இறங்கி, தலைவலி, வாந்தி, குழப்பம், வலிப்பு வரை போகும். காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ இருக்கிற நாளில் போடக்கூடாது. மருந்துக் கடையில் நீங்களாகக் கேட்டு வாங்காதீர்கள். ஒரகடம் போகும் முன்பே இங்கே ஒன்றிரண்டு வாரம் போட்டுப் பாருங்கள், ஒத்துக்கொள்கிறதா என்று தெரிந்துவிடும். பை சீக்கிரம் சுருங்குகிறவர்களுக்கு வேறு மாத்திரைகள் இருக்கின்றன. ஜட்டியில் மாட்டினால் ஈரம் பட்டதும் ஒலிக்கிற அலாரமும் இருக்கிறது, இரண்டு மூன்று மாதம் விடாமல் செய்தால் பலருக்குப் பலன் தரும். நாலு பேர் அறையில் சத்தம் போடுகிறதை வைக்க முடியாது, அதிர்கிற வகை கிடைத்தால் பார்க்கலாம்.

அறைக்கு என்ன எடுத்துப் போக வேண்டும்? மெத்தைமேல் விரிக்க ஒரு ரெக்சின் துண்டு, பாரிமுனைக் கடைகளில் மீட்டர் கணக்கில் வெட்டித் தருவார்கள். அதன்மேல் குழந்தைகளுக்குப் போடுகிற, ஈரம் உறிஞ்சுகிற ஷீட், பெரியவர் அளவிலும் வருகிறது. ஆரம்பத்தில் ஜட்டி மாதிரி மாட்டுகிற டயப்பர் பேண்ட் ஒரு பாக்கெட், லுங்கிக்குள் தெரியாது. அதைப் போடுவதில் ஒரு கௌரவக் குறைவும் இல்லை, நிம்மதியாகத் தூங்கினால் அடுத்த நாள் மீட்டரைத் தொடுகிற கை நடுங்காது. நனைந்த துணியை மூட்டை கட்டி வைக்காதீர்கள், வைக்க வைக்கத்தான் கிருமி சிறுநீரில் உள்ள யூரியாவை அம்மோனியாவாக்கி நாற வைக்கும். உடனே பச்சைத் தண்ணீரில் அலசி, அப்புறம் சோப்பில் துவைத்து, வெயிலில் போடுங்கள். நனைந்த துணியில் ப்ளீச்சிங் பவுடர் போடவே கூடாது, சிறுநீரோடு சேர்ந்தால் கண்ணையும் மூச்சையும் அடைக்கிற வாயு வரும். எழுந்ததும் தொடையிடுக்கைக் கழுவித் துடைத்துக் கொஞ்சம் வாசலின் தடவிக்கொள்ளுங்கள்.

கடைசியாக, வார்டன் அண்ணாவிடம் சொல்லுங்கள். எல்லோரிடமும் வேண்டாம், அவர் ஒருவர் போதும். 'எனக்குச் சிறுநீர்ப்பையில் பிரச்சினை இருக்கு அண்ணா, ஸ்டான்லியில் காட்டப் போறேன், ராத்திரி சில நாள் துணி மாத்த வேண்டியிருக்கும்.' இதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம். ஒரகடத்திலும் பக்கத்துக் கட்டில்காரருக்கு இதே வாக்கியம் போதும், சொல்வதும் சொல்லாததும் உங்கள் விருப்பம். வார்டனிடம் சொல்லச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இளைஞர் நீதிச் சட்டம் 2015, இல்லத்தில் வளர்ந்தவர்களுக்கு 18 முடிந்த பிறகும் 21 வயது வரை பின்காப்பு, அதாவது இல்லத்தை விட்ட பிறகும் தொடர்கிற உதவி, தரலாம் என்கிறது. அந்த உதவி கையில் இருக்கும்போதே சோதனைகளை முடித்து, ஆஸ்பத்திரிச் சீட்டுகளை உங்கள் பெயரில் ஒரு ஃபைலாக வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் எந்த ஊருக்குப் போனாலும் அங்கிருந்தே சிகிச்சையைத் தொடரலாம்.

கேள்வி: சிறுவர் இல்லம் ஒன்றில் பொறுப்பாளராக இருக்கிறேன். நாலைந்து பையன்கள் படுக்கையை நனைக்கிறார்கள், அதில் இரண்டு பேர் 13, 14 வயது. அவர்களையே துவைக்கச் சொல்கிறோம், தனி வரிசையில் படுக்க வைக்கிறோம். கண்டிப்பு இல்லாமல் எப்படித் திருந்துவார்கள்? எள்ளுருண்டை கொடுத்தும் பார்த்தாயிற்று.
இல்லப் பொறுப்பாளர், வியாசர்பாடி

பதில்: எள்ளுருண்டை நல்ல தின்பண்டம், தொடர்ந்து கொடுங்கள். அது நனைவதை நிறுத்தும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள், ஐயா.

தனி வரிசையை இன்றிரவே கலைத்துவிடுங்கள். யார் நனைக்கிறவன் என்று மொத்த இல்லத்துக்கும் அந்த வரிசை அறிவிக்கிறது, பட்டப்பெயர் அங்கிருந்துதான் பிறக்கிறது. தூக்கத்தில் நடப்பதைக் கண்டிப்பால் திருத்த முடியாது, பயந்த பையன் முதல் கடிதத்துத் தம்பி மாதிரி தண்ணீரை நிறுத்துவான், ஒளிப்பான், முழித்துக்கொண்டு கிடப்பான். சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது. இளைஞர் நீதிச் சட்டத்தின் 82வது பிரிவின்படி, இல்லத்தில் வேலை செய்கிறவர் ஒழுங்குபடுத்த என்று குழந்தையை உடல்ரீதியாகத் தண்டித்தால் முதல் முறை பத்தாயிரம் ரூபாய் அபராதம், அடுத்த முறைகளுக்கு மூன்று மாதம் வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும். தேவையில்லாத மன வேதனை கொடுப்பதையும் 75வது பிரிவு குற்றமாகவே பார்க்கிறது. உங்களை மிரட்ட இதைச் சொல்லவில்லை, ராத்திரி டியூட்டி பார்க்கிற உங்கள் ஊழியர்களுக்கு இதைப் படித்துக் காட்டுங்கள்.

துவைப்பது தனி விஷயம். எல்லாப் பையன்களும் அவரவர் துணியைத் துவைக்கிற இல்லம் என்றால் இவர்களும் துவைக்கட்டும். நனைத்தவன் மட்டும் துவைக்க வேண்டும் என்றால் அது தண்டனை. மாற்று விரிப்பும் லுங்கியும் குளியலறைப் பக்கம் ஓர் அலமாரியில் பூட்டாமல் இருக்கட்டும், யாரையும் எழுப்பிக் கேட்காமல் எடுத்துக்கொள்ளட்டும். எல்லா மெத்தைக்கும் ரெக்சின் உறை போட்டால் யாரையும் தனியாகக் காட்டாது. ராத்திரி கழிவறை விளக்கு எரிகிறதா, தாழ்ப்பாள் சரியாக இருக்கிறதா, போகிற வழியில் தெருநாய் படுத்திருக்கிறதா என்று நீங்களே ஒரு முறை நடந்து பாருங்கள். பயத்தால் எழாமல் படுத்திருக்கிற பையன் ஒருவனாவது இருப்பான்.

நாலைந்து பேரையும் டாக்டரிடம் காட்டுங்கள், வளர வளர நின்றுவிடும் என்று 14 வயதுப் பையனைக் காத்திருக்க வைக்காதீர்கள். நன்றாக இருந்த பையன் திடீரென்று நனைக்க ஆரம்பித்தால் அதே வாரம் யூரினும் சர்க்கரையும் பாருங்கள். அதோடு, பெரிய பையன்களோ வேறு யாருமோ அவனைத் துன்புறுத்துகிறார்களா என்று அவன் நம்புகிற ஒருவரை விட்டுப் பேசச் சொல்லுங்கள். சந்தேகம் வந்தால் குழந்தைகள் நலக் குழுவுக்கோ குழந்தைகள் உதவி எண் 1098க்கோ சொல்லிவிட வேண்டும், உள்ளேயே பேசி முடிக்கிற விஷயம் அல்ல.

கேள்வி: என் தம்பிக்கு 22 வயது, மனவளர்ச்சி குன்றியவன், வலிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறான். ஒரு காப்பகத்தில் இருக்கிறான். இத்தனை நாள் இல்லாமல் இப்போது ராத்திரி நனைக்கிறான் என்று மாலை ஏழு மணிக்கு டயப்பர் போட்டுக் காலையில்தான் கழற்றுகிறார்கள். தொடையெல்லாம் புண். நான் மாதம் ஒரு முறைதான் போக முடிகிறது.
அக்கா, திருவொற்றியூர்

பதில்: அம்மா, 'இத்தனை நாள் இல்லாமல்' என்று எழுதியிருக்கிறீர்களே, அதை டாக்டரிடம் அழுத்திச் சொல்லுங்கள். புதிதாக ஆரம்பித்தால் காரணம் இருக்கும். வலிப்பு உள்ளவர்களுக்கு ராத்திரி தூக்கத்திலேயே வலிப்பு வந்து சிறுநீர் போய்விடலாம், யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். காலையில் நாக்கில் கடிபட்ட காயம், உடம்பு வலி, வழக்கத்துக்கு மேல் சோர்வு இருக்கிறதா என்று காப்பகத்தில் கேளுங்கள். மருந்தும் காரணமாக இருக்கலாம். வலிப்புக்குத் தருகிற வால்ப்ரோயேட், நடத்தைக்குத் தருகிற ரிஸ்பெரிடோன், க்ளோசபின் போன்றவற்றால் சிலருக்கு இப்படி ஆவதுண்டு. நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், வலிப்பு மருந்தைத் திடீரென்று விட்டால் உயிருக்கே ஆபத்து. எழுதிக் கொடுத்த டாக்டர்தான் மாற்ற வேண்டும். மலச்சிக்கல், கிருமித்தொற்று, சர்க்கரை இவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள், வாய்விட்டுச் சொல்லத் தெரியாதவர்களிடம் இவை எளிதில் தவறிப்போகும்.

பன்னிரண்டு மணி நேரம் ஒரே டயப்பர் என்பது கவனிப்பு ஆகாது. படுக்கும் முன் கழிவறைக்கு அழைத்துப் போய்விட்டு அப்புறம் போட வேண்டும், நடுராத்திரி ஒரு முறை மாற்ற வேண்டும், காலையில் கழுவி ஈரம் போகத் துடைத்து ஜிங்க் ஆக்சைடு கலந்த களிம்பு தடவ வேண்டும். பகலில் டயப்பர் இல்லாமல் காற்றாட விடட்டும். புண் ஏற்கெனவே இருப்பதால் டாக்டர் பார்க்காமல் பவுடர் எதுவும் கொட்ட வேண்டாம். இதையெல்லாம் சண்டையாகக் கேட்காமல் ஒரு தாளில் நேரம் போட்டு எழுதி, பொறுப்பாளரிடம் கையெழுத்து வாங்கி அவன் கட்டில் பக்கத்துச் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள். மாற்றியவர் நேரத்தைக் குறிக்கட்டும்.

அடுத்த முறைக்கு ஒரு மாதம் காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே போன் செய்து, அவன் சாப்பிடுகிற எல்லா மாத்திரைகளின் அட்டையையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். சமீபத்தில் எது புதிதாகச் சேர்ந்தது, எதன் அளவு கூடியது என்று தேதியோடு கேட்டு எழுதிக்கொண்டு, அவனை வலிப்புக்குப் பார்க்கிற டாக்டரிடமே முதலில் போய்க் காட்டுங்கள்.